விரல் வெளுத்தபோது கேட்காத கேள்வி: ஸ்க்ளெரோடெர்மா நோய் அறியப்பட்ட வரலாறு

மார்கழி, தை மாதத்து சுப்ஹு நேரத்தில் பள்ளிவாசல் ஹவுளில் கை வைத்தவர்களுக்கு அந்நீரின் குளிர் தெரியும். பெரும்பாலோருக்கு விரல்கள் சற்றே விறைத்து, முன்சுன்னத்துத் தொழுது முடிப்பதற்குள் சூடு திரும்பிவிடுகிறது. ஒரு சிலருக்கு மட்டும் வேறு விதமாக நிகழ்கிறது. நீர் பட்ட சில நிமிடங்களில் விரல்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கின்றன. வெளுப்பு எந்தக் கணுவில் நிற்கிறது என்பதைக் கோடு கிழித்துக் காட்டலாம். பின்னர் அவை நீலம் பாரித்து மரத்துப்போகின்றன. சூடு திரும்பும்போது சிவந்து, ஊசி குத்துவதுபோல் வலிக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் நமது மகளிர் வகுப்பில் ஓதிவந்த சகோதரி ஒருவர் இதனைக் குறித்து நம்மிடம் கேட்டார். அவர் கேட்டது மருத்துவக் கேள்வியன்று. விரல்கள் இவ்வாறு ஆவதால் வெந்நீரில் உளூச் செய்து வருவதாகவும், அதனால் நன்மை குறைந்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் கூறினார். சிரமமான வேளையிலும் உளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் எடுத்துரைத்தோம். இரத்தம் குறைவாக இருக்கலாம், பேரீச்சம்பழம் உண்ணுங்கள் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னோம். அவர் தலையசைத்துச் சென்று, அன்று முதல் வெந்நீரை விட்டுவிட்டார். இரண்டு குளிர்காலங்களுக்குப் பின், வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை ஆசாரியிடம் கொடுத்து அறுத்தெடுக்க நேர்ந்ததாகவும், ஸஜ்தாவில் உள்ளங்கையைத் தரையில் முழுமையாகப் பதிக்க இயலவில்லை என்றும் செய்தி வந்தது. மருத்துவர்கள் நோய்க்கு ஸ்க்ளெரோடெர்மா என்று பெயர் சொன்னார்கள்.

அபூதாவூதில் ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக வரும் நிகழ்ச்சி ஒன்றை நாம் எத்தனையோ முறை மாணவர்களுக்கு நடத்தியிருக்கிறோம். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று அவர் கேட்க, நீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று உடனிருந்தோர் கூறினர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள் அத்தீர்ப்புச் சொன்னவர்களைக் கடுமையாகக் கண்டித்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று வினவினார்கள். அந்தப் பாடத்தை நடத்திய நாமே அதனைத் தவறவிட்டோம். மார்க்கக் கேள்விக்கு விடை சொன்ன நாம், ஏன் உங்கள் விரல் வெளுக்கிறது, மருத்துவரிடம் காட்டினீர்களா என்று ஒரு சொல் கேட்கவில்லை.

அதன் பிறகே இந்நோயைப் பற்றிப் படிக்கலானோம். நாம் மருத்துவர் அல்லோம். இக்கட்டுரை வைத்தியக் குறிப்பும் அன்று. ஆயினும் இந்நோயின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, நாம் செய்த பிழையையே உலகின் பெரும் மருத்துவர்களும் நெடுங்காலம் வேறு வடிவில் செய்துவந்தார்கள் என்பது விளங்கிற்று. தோல் இறுகிய பின்னரே நோயைக் கண்டார்கள். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே விரல் நுனி சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

நோய் இன்னதெனச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலின் மீதே திரும்புகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிதைகின்றன. காயம் ஆறும்போது தழும்பை உண்டாக்கும் கொலாஜன் என்னும் நார்ப்பொருள், காயமே இல்லாத இடத்தில் அளவின்றிப் படிகிறது. தோலில் படிந்தால் தோல் இறுகுகிறது. உணவுக் குழாய், நுரையீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் படிந்தால் அவை இறுகுகின்றன. இது தொற்றுநோய் அன்று. ஆண்களைவிடப் பெண்களையே மிகுதியும் பற்றுகிறது. பெரும்பாலும் 30 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் வெளிப்படுகிறது. தோலின் சில திட்டுகளில் மட்டும் நின்றுவிடும் மற்றொரு வகையும் உண்டு. நாம் பேசுவது உடல் முழுவதையும் பாதிக்கும் வகையைப் பற்றி.

புதிதாக எந்த நோய் பேசப்பட்டாலும், இப்னு சீனா (ரஹ்) தமது கானூன் நூலில் இதனை அன்றே சொல்லிவிட்டார் என்று உரிமை கொண்டாடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. நாம் அதனைச் செய்யப்போவதில்லை. பழைய நூல்களில் தோல் தடித்தவர்களைப் பற்றிய வருணனைகள் கிடைத்தாலும், அவை இந்நோயைத்தான் குறிக்கின்றன என்று நிறுவுவது கடினம். நம் முன்னோரிடமிருந்து உரிமையோடு எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று. ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த அபூபக்ர் அர்ராஸீ, பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டித் தனி நூலே எழுதினார். கொப்புளம் எழும்புவதற்கு முன்பே காய்ச்சலின் போக்கிலும் நோயாளியின் வலியிலும் என்ன வேறுபாடு தெரிகிறது என்று அவர் உற்றுநோக்கினார். முழு நோயும் வெளிப்படும்வரை காத்திராமல் முன்குறியைத் தேடிய அந்தப் பார்வை, ஸ்க்ளெரோடெர்மாவின் வரலாற்றில் மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

எழுத்தில் பதிவான முதல் நிகழ்வாகப் பொதுவாகக் காட்டப்படுவது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நடந்தது. 1752இல் 17 வயதுப் பெண் ஒருத்தி அங்குள்ள மருத்துவமனைக்கு வந்தாள். உடல் முழுவதும் தோல் கடினமாகி, வாயைச் சுற்றி இறுகி, கழுத்தைத் திருப்ப இயலாமல் இருந்தாள். கார்லோ குர்ஸியோ என்னும் மருத்துவர் அவளுக்கு வெதுவெதுப்பான பாலும் நீராவிக் குளியலும் அளித்தார். காலில் இரத்தம் வெளியேற்றினார். சிறு அளவில் பாதரசம் கொடுத்தார். ஏறக்குறைய 11 மாதங்களில் தோல் இளகிற்றாம். 1753இல் அவர் வெளியிட்ட அறிக்கை அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஆங்கிலத்தில் வந்தது. அவள் முழுவதும் குணமடைந்ததால், அது ஸ்க்ளெரோடெர்மாவே அன்று, தோல் தற்காலிகமாகத் தடிக்கும் வேறொரு நோய் என்று பின்வந்தோர் பலர் கருதுகின்றனர். நமக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. வரலாற்றின் முதல் நோயாளியே சந்தேகத்துக்குரியவர் என்பது விந்தைதான்.

1836இல் மிலான் நகரத்து ஃபான்டொனெட்டி, கிரேக்க மொழியில் கடினத்தையும் தோலையும் குறிக்கும் இரு சொற்களை இணைத்து ஒரு பெயர் வைத்தார். 1847இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர் ழின்ட்ராக் அப்பெயரை நிலைபெறச் செய்தார். கடினத்தோல் என்பதே அதன் பொருள். பெயர் வைத்தது பெரும் பணிதான். ஆனால் அப்பெயரே பின்வந்தோரின் கண்களைத் தோலோடு கட்டிப்போட்டது என்றும் நாம் சொல்லத் துணிவோம். தோல் கடினமானால்தான் கடினத்தோல் நோய். கடினமாகும் முன் அதற்கு ஏது பெயர்?

விடையின் ஒரு பாதி பாரிஸில் இருந்தது. 1862இல் மோரிஸ் ரேனோ என்னும் 28 வயது இளைஞர் தமது மருத்துவப் பட்டத்துக்காக ஓர் ஆய்வேட்டை அளித்தார். குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலமாகி, மரத்துப்போகும் 25 பேரின் வரலாறு அதில் இருந்தது. அவர்களுள் ஓர் இளம்பெண்ணுக்கு மிதமான குளிரிலும், கோடையின் உச்சத்திலும்கூட விரல்களில் இரத்தம் வற்றி உணர்ச்சியற்றுப் போயிற்று என்று எழுதியிருக்கிறார். நம் ஊரில் பனியா பெய்கிறது, இந்நோய் இங்கே எப்படி வரும் என்று நினைப்போர் இதனைக் கவனிக்க வேண்டும். ஹவுள் நீரும், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுக்கும் மீனும், ஏசி அறையும், சில வேளை மனப் பதற்றமுமே போதும். நரம்புகள் மிகையாகத் தூண்டப்பட்டு இரத்தக் குழாய்கள் சுருங்குவதே காரணம் என்று ரேனோ கருதினார். 1860களிலேயே இவ்விரல் மாற்றத்தையும் கடினத்தோலையும் ஒரே நோயாளியிடம் கண்டும் எழுதினார். சாவி கையில் இருந்தது. பூட்டைத் திறக்கத்தான் ஆளில்லை.

இன்னொரு குழப்பமும் இருந்தது. ரேனோ தொகுத்த 25 பேரும் ஒரே நோயினர் அல்லர். லண்டனில் ஜொனாதன் ஹட்சின்ஸன் இதனைச் சுட்டிக்காட்டி, விரல் வெளுப்பது தனி நோயன்று, பல நோய்களில் தோன்றும் ஒரு நிகழ்வு என்றார். 1929இல் சர் தாமஸ் லூயிஸ், கோளாறு நரம்பில் மட்டுமன்றி விரலின் இரத்தக் குழாயிலேயே இருக்கிறது என்று சோதித்துக் காட்டினார். 1932இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ஆலனும் பிரவுனும், பின்னால் வேறு நோய் எதுவும் இல்லாத வெறும் விரல் வெளுப்பை எவ்வாறு பிரித்தறிவது என்று விதிகள் வகுத்தனர். குறைந்தது இரண்டு ஆண்டுகள் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

இது படிப்பவர்களின் அச்சத்தையும் தணிக்க வேண்டிய செய்தியாகும். விரல் வெளுப்பவர்கள் ஏராளமானோர். மக்களில் 100க்கு 3 முதல் 5 பேர் வரை இருக்கக்கூடும் என்று மதிப்பிடுகின்றனர். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது எந்த நோயாகவும் முற்றுவதில்லை. இளம் வயதில் தொடங்கி, இரு கைகளிலும் ஒருபோல வந்து, புண் எதுவும் உண்டாக்காமல் போவது பெரும்பாலும் தீங்கற்றது. 30 வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்குவது, கடுமையாக வருவது, விரல் நுனியில் புண்ணோ குழித்தழும்போ விட்டுச்செல்வது ஆகியவைதாம் கவலைக்குரியவை.

குளிரைக் குறித்து எடின்பரோ நகரிலிருந்து ஒரு பழைய செய்தி உண்டு. 1914இல் பைரம் பிராம்வெல் என்னும் மருத்துவர் தாம் கண்ட ஸ்க்ளெரோடெர்மா நோயாளிகள் 9 பேரில் 5 பேர் கல்தச்சர்களாக இருப்பதைக் கவனித்தார். குளிர்ந்த உளியை நாள்தோறும் பிடித்திருப்பதே காரணம் என்று எண்ணினார். 1957இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடையே எராஸ்மஸ் என்பவர் இதே நோயைக் கண்டார். ஆழ்சுரங்கத்திலோ குளிர் இல்லை, வெப்பமே மிகுதி. இரு தொழில்களுக்கும் பொதுவானது மூச்சோடு உட்செல்லும் சிலிக்கா என்னும் கல்தூசி. பிராம்வெல் கண்டது சரி, காரணம் சொன்னதுதான் பிழை. குளிர் நோயை உண்டாக்குவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே காட்டுகிறது. எனவே நம் சகோதரிக்கும் குளிர்நீர் நோயைத் தரவில்லை. ஆயினும் ஒவ்வொரு முறையும் இரத்தம் ஓடாமல் நின்ற விரல்களுக்கு அது நன்மை செய்யவுமில்லை.

பெயர் பெற்ற ஒருவரின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஓவியர் பவுல் க்ளே 1914 ஏப்ரலில் துனீசியா சென்றவர். உக்பா பின் நாஃபிஉ (ரஹ்) பள்ளிவாசல் எழுப்பிய கைரவான் நகரின் ஒளியில்தான் வண்ணத்தைத் தாம் கண்டடைந்ததாக அவர் தமது நாட்குறிப்பில் பதிவு செய்தார். நாஜிகளால் ஜெர்மனியில் பதவி இழந்து, 1933 இறுதியில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்குத் திரும்பினார். 1935இல் நோயுற்றார். தட்டம்மை என்று கருதப்பட்டது. தோல் இறுகியது, உணவை விழுங்குவது அரிதாயிற்று, மூச்சு வாங்கிற்று. 1936இல் அவரால் 25 படைப்புகளே இயன்றன. பின்னர் உடல் நலிய நலியக் கை விரைந்தது; 1939இல் மட்டும் 1200க்கும் மேற்பட்ட படைப்புகள். 1940 ஜூன் 29 அன்று மறைந்தார். அவருடைய நோய் ஸ்க்ளெரோடெர்மா என்ற முடிவு, கடிதங்களையும் படங்களையும் உறவினர் சொன்னவற்றையும் வைத்து, அவர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே எட்டப்பட்டது. ஐரோப்பாவின் நல்ல மருத்துவர்கள் அருகிருந்த ஒருவருக்கே இந்நிலை.

தோலிலிருந்து பார்வை உள்ளே திரும்பியது 1945இல். கேப் டவுன் நகரின் ராபர்ட் கோட்ஸ், இது தோல் நோயன்று, உடலின் உள்ளுறுப்புகள் அனைத்தையும் படிப்படியாக இறுகச் செய்யும் நோய் என்று வலியுறுத்தி, அதற்கேற்பப் பெயரையும் மாற்றினார். சிஸ்டமிக் ஸ்க்ளெரோசிஸ் என்று மருத்துவர்கள் இன்று எழுதும் பெயரின் தொடக்கம் அதுவே.

வெளியிலிருந்தே உள்ளே பார்க்க ஒரு சன்னல் உண்டு என்பதை வேறு சிலர் முன்பே கண்டிருந்தனர். நகம் தோலைச் சந்திக்கும் இடத்தில், நகக்கண்ணின் ஓரமாக, நுண்ணிய இரத்தக் குழாய்கள் தோலுக்கு இணையாகப் படுத்திருக்கின்றன. அவ்விடத்தில் ஒரு துளி எண்ணெய் விட்டு உருப்பெருக்கியால் நோக்கினால், அவை கொண்டை ஊசிகளை வரிசையாக அடுக்கியதுபோல் தெரியும். ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் ஆட்ஃப்ரீட் முல்லர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையை வளர்த்தார். 1925இல் மேயோ மருத்துவமனையின் பிரவுனும் ஓ'லியரியும் ஸ்க்ளெரோடெர்மா நோயாளிகளிடம் இக்கொண்டை ஊசிகள் பூதாகரமாக விரிந்திருப்பதையும், எண்ணிக்கையில் குறைந்திருப்பதையும் கண்டனர். பிறகு அது மறக்கப்பட்டதுபோலக் கிடந்தது. 1970களில் அமெரிக்காவில் ஹில்டகார்ட் மாரிக் என்னும் பெண் மருத்துவரும் அவருடைய சகாக்களும் மீண்டும் அச்சன்னலைத் திறந்து, நோய்க்குரிய தோற்றத்தை ஒழுங்குபட வகுத்தனர். விலையுயர்ந்த கருவி எதுவும் இன்றியே எட்டத்தக்க இவ்வறிவு, அரை நூற்றாண்டு ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

அதே காலத்தில், நோயாளியின் இரத்தத்தில் தன் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் அடையாளம் காணப்பட்டன. ஏ.என்.ஏ. என்னும் பொதுச் சோதனையும், 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறியப்பட்ட சென்ட்ரோமியர், எஸ்.சி.எல்-70 என்னும் சிறப்புச் சோதனைகளும் இன்று நம் நகரங்களின் ஆய்வுக்கூடங்களிலேயே செய்யப்படுகின்றன.

முன்னரே அறிந்து என்ன பயன், முற்றாகக் குணப்படுத்தும் மருந்துதான் இல்லையே என்று சிலர் கேட்கக்கூடும். சிறுநீரகத்தின் கதை இதற்கு விடையாகும். இந்நோயாளிகளில் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென ஏறிச் சிறுநீரகம் செயலிழக்கும். ஒரு காலத்தில் அது ஏறக்குறைய மரண அறிவிப்பு. 1970களின் இறுதியில் கேப்டோப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்து வந்தது. 1990இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இவ்வகை மருந்து பெறாதோரில் 100க்கு 15 பேரே ஓராண்டைக் கடந்திருந்தனர். பெற்றோரில் 76 பேர் கடந்திருந்தனர். ஆனால் அம்மருந்து விரைந்து தரப்பட வேண்டும். விரைந்து தருவதற்கு, அந்நோயாளிக்கு என்ன நோய் என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும். நுரையீரலுக்கும் அவ்வாறே. இறுகிப்போன நுரையீரலை இளக்க இயலாது. இறுகுவதைத் தாமதப்படுத்தும் மருந்துகள் இப்போது உள்ளன.

ஆயினும் 1980இல் அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த இலக்கணம், கைமொட்டுகளுக்கு அப்பாலும் தோல் தடித்திருப்பதையே முதன்மைச் சான்றாகக் கொண்டது. தொடக்க நிலையில் இருந்தோர் பலர் அதற்குள் அடங்கவில்லை. 2001இல் லெராயும் மெட்ஸ்கரும், விரல் வெளுப்போடு நகக்கண் மாற்றமோ எதிர்ப்பொருளோ இருந்தால் தோல் தடிக்காத போதும் நோயின் தொடக்கமாகக் கொள்ளலாம் என்றனர். கனடாவின் மான்ட்ரியலில் விரல் வெளுப்போடு வந்த 586 பேரை 20 ஆண்டுக் காலம் தொடர்ந்து நோக்கிய ஆய்வு 2008இல் வெளியாயிற்று. சிறப்பு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்களான அவர்களிலேயே 74 பேருக்குத்தான் நோய் முழுமையாக வெளிப்பட்டது. நகக்கண் மாற்றமும் எதிர்ப்பொருளும் சேர்ந்திருந்தோரில் ஏறத்தாழ 100க்கு 80 பேர் நோயுற்றனர். இரண்டும் இல்லாதோரில் 100க்கு 2 பேர்கூட இல்லை. ஒரு துளி எண்ணெயும் ஒரு குப்பி இரத்தமும் கூறும் செய்தி இவ்வளவு. 2011இல் ஐரோப்பிய மருத்துவர்கள் மூன்று எச்சரிக்கைக் குறிகளை முன்வைத்தனர்: விரல் வெளுப்பு, விரல் வீக்கம், ஏ.என்.ஏ. சோதனையில் எதிர்ப்பொருள். 2013இல் இலக்கணமே திருத்தப்பட்டு, இக்குறிகளில் பலவற்றுக்கு அதில் இடம் கிடைத்தது.

நம் வீடுகளில் இக்குறிகள் எவ்வாறு தோன்றும்? காலையில் எழும்போது விரல்கள் உருண்டு உப்பியிருக்கும், மோதிரம் ஏறாது, முட்டி மடக்க இயலாது. மாவு பிசைவதும் தஸ்பீஹ் மணி உருட்டுவதும் சிரமமாகும். நெஞ்செரிச்சல் தொடரும், இறைச்சியோ சோறோ தொண்டைக்குக் கீழே நிற்பதுபோல் தோன்றும். மாடியேறினால் முன்பில்லாத இளைப்பும் வறட்டு இருமலும் வரும். நம்மைப் போன்ற மாநிறத்தாரிடம் விரல் வெளுப்பது ஐரோப்பியரிடம்போல் பளிச்சென்று தெரியாது. உள்ளங்கைப் பக்கமாகவும் நகத்தடியிலும் பார்க்க வேண்டும். தோல் கறுப்பதும், கறுப்பினிடையே மிளகும் உப்பும் தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றுவதும் உண்டு.

இவ்வெண்புள்ளியும் விரல் குறுகலும் கண்டு, குஷ்டம் என்று ஒதுங்கிய உறவினரைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். தொழுநோயில் தொடுவுணர்ச்சி மறையும்; இதில் விரல் நுனி பட்டாலே வலிக்கும். தொழுநோயே இன்று மருந்தால் குணமாவது, அஞ்சி ஒதுங்க வேண்டியதன்று என்பது வேறு செய்தி. கண்ணேறு என்று ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஓதுவதும் துஆவும் சுன்னத்தே. ஆனால் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் வினவியபோது, செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கிறார்கள். ஓதிப் பார்த்துவிட்டு இரண்டு ஆண்டுகள் காத்திருப்பதற்கு அதில் இடமில்லை. வீக்கத்துக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளிலும் எச்சரிக்கை தேவை. அவற்றில் ஸ்டீராய்டு இருந்து, மிகுந்த அளவில் உட்கொண்டால், மேலே சொன்ன சிறுநீரக ஆபத்தை இந்நோயாளிகளிடம் அது தூண்டக்கூடும். ரூமட்டாலஜிஸ்ட் எனப்படும் வாதநோய் மருத்துவரே இதற்குரியவர். விரல் வெளுத்திருக்கும் வேளையில் கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். மருத்துவர் முன் அமரும்போது விரல் இயல்பாக இருந்தாலும் படம் பேசும்.

உளூவைப் பற்றிய கேள்விக்கு நாம் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையும் எஞ்சியிருக்கிறது. அந்நபிமொழி கூறும் சிரமம், தானாக நேரும் சிரமமே, தேடிச்சென்று வருத்திக்கொள்வதன்று. உமர் (ரலி) அவர்கள் வெந்நீரில் உளூச் செய்ததை இமாம் புகாரீ (ரஹ்) தமது நூலின் பாடத் தலைப்பிலேயே குறிப்பிடுகிறார்கள். ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் குளிப்பு கடமையான அம்ர் பின் அல்ஆஸ் (ரலி) அவர்கள், உயிருக்கு அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். மதீனா திரும்பியபின் நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, உங்களையே நீங்கள் கொன்றுகொள்ளாதீர்கள் என்ற பொருளுடைய இறைவசனத்தை எடுத்துக் கூறினார்கள். நபியவர்கள் சிரித்தார்கள், வேறெதுவும் கூறவில்லை. எனவே வெந்நீர் கிடைக்கும்போது அதனைப் பயன்படுத்துவதில் நன்மை குறைவு ஏதுமில்லை. விரல் நுனிப் புண்ணுக்குக் கட்டுப் போட்டிருந்தால் அதன்மேல் தடவிக்கொள்ளவும், நீரே கேடு செய்யும் என்று நம்பத்தக்க மருத்துவர் கூறினால் தயம்மும் செய்யவும் சட்டநூல்களில் இடமுண்டு. மத்ஹபுக்கேற்ப நிபந்தனைகள் மாறும். அவரவர் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அச்சகோதரியிடம் சென்று, அன்று சொன்னது தவறென்று நாம் ஒப்புக்கொண்டோம். அவர் அதனைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நகக்கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்த்ததை வியப்போடு சொல்லிக்கொண்டிருந்தார். நுரையீரல் சோதனைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்வருகிறார். மகளிர் வகுப்பின் உளூச் செய்யும் இடத்தில் இப்போது ஒரு வெந்நீர்க் குழாய் இருக்கிறது. சுப்ஹுக்கு முன்பே வந்து அதனைப் போட்டுவைப்பவர் அவர்தாம். அவருடைய ஆரோக்கியத்துக்காக துஆச் செய்யுமாறு வேண்டுகிறோம்.